வாசற்படியோடு நிற்கும் விசில்

என் கணவர் வேலை முடிந்து வருவதை நான் காரின் சத்தத்தை வைத்து அறிவதில்லை. எங்கள் தெருவில் எல்லாருடைய காரும் ஒரே மாதிரித்தான் உறுமும். காரை நிறுத்தும் இடத்திலிருந்து வாசற்படி வரைக்கும் அவர் விசிலடித்துக்கொண்டே வருவார். அதுதான் எனக்கு மணி. நாக்கை மடித்து முன்பற்களுக்குப் பின்னால் வைத்து, நாக்குக்கும் பல்லுக்கும் இடையால் காற்றை விட்டு அடிக்கிற விசில் அது. மெல்லியதுதான், ஆனாலும் குசினியில் குக்கர் கத்திக்கொண்டிருக்கும்போதும் எனக்குக் கேட்கும். கலியாணம் முடித்து மெல்பேணில் ஒரு வாடகை அறையில் இருந்த நாளிலும், பிறகு சிட்னிக்கு வந்து வெஸ்ட்மீட்டில் வீடு எடுத்த நாளிலும் அதே மெட்டு. என்ன பாட்டு என்று கேட்டால் தெரியாது என்பார். எங்கே பிடித்தது என்று கேட்டால் அதுவும் தெரியாது என்பார்.

படியில் கால் வைத்ததும் விசில் நின்றுவிடும். அது என்னுடைய சட்டம். சாமிப் படத்துக்கு முன்னால் விளக்கு ஏற்றிய பிறகு வீட்டுக்குள் விசிலடித்தால் பாம்பு வரும் என்று என் அம்மா சொல்லி வளர்த்திருந்தார். இந்த நாட்டில் பாம்பு வருவதற்கு விசில் தேவையில்லை, வேலியில் ஓர் ஓட்டை போதும். என்றாலும் நான் சட்டத்தை மாற்றவில்லை. அவரும் எதிர்த்துப் பேசவில்லை. அதனால் அந்த மெட்டு ஒவ்வொரு மாலையும் நடுவழியில் நின்றுபோகும். மிச்சம் எப்படி இருக்கும் என்று கறிக்கு உப்புப் பார்க்கும்போது சிலவேளை யோசிப்பேன், பிறகு மறந்துவிடுவேன்.

அவர் முன்பு சிகரெட் குடித்தவர். குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நின்று குடித்துவிட்டு, துளசி இலையைச் சப்பிக்கொண்டு உள்ளே வருவார். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு சண்டை பிடிப்பேன். ஒருநாள் சிகரெட்டை விட்டுவிட்டதாக அறிவித்து, ஒரு பேனாவைப் போன்ற பொருளைக் கொண்டுவந்து காட்டினார். வேப் என்கிற மின்சிகரெட். மாம்பழச் சுவை. அந்தக் காலத்தில் கடையில் கேட்டால் எந்தச் சுவையையும் எடுத்துக் கொடுப்பார்கள்.

அந்த மணம் எனக்குப் பிடித்திருந்தது. காலையில் அவர் பின்வளவில் நின்று ஊதுவார். உடுப்புக் காயப்போடும் கம்பிகளுக்கு இடையால் வெள்ளை மேகம் ஒன்று புறப்பட்டு, கறிவேப்பிலைச் செடியைச் சுற்றி, யன்னல் வலை வழியாக என்னிடம் வரும். அதில் வெயில் பட்டால் கொஞ்ச நேரம் மஞ்சளாக நிற்கும். நான் தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தபடி நிற்பேன். தலையணையிலும் மாம்பழம், காரிலும் மாம்பழம், வேலைக்குப் போடும் என் சால்வையிலும் மாம்பழம். குளிர்காலத்திலும் எங்கள் வீட்டில் சித்திரை மாதம் நடந்துகொண்டிருந்தது. பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகள் மட்டும் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, "அப்பா, யூ ஸ்மெல் லைக் அ லாலி ஷாப்" என்பாள். மிட்டாய்க் கடை மணம் என்றதை அவர் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

பிறகு அவருக்கு வாய் காயத் தொடங்கியது. கட்டிலுக்குப் பக்கத்தில் தண்ணீர்ப் போத்தல் வந்தது. பேசும்போது சொற்கள் நாக்கில் ஒட்டின. விசிலடிக்கும் முன் இரண்டு மூன்று முறை உதட்டை நனைக்க வேண்டியிருந்தது. விடிய எழும்பினால், அவருடைய மூச்சில் மாம்பழத்துக்கு அடியில் வேறொரு வாடை இருந்தது.

இங்கே என் உத்தியோகத்தைச் சொல்லவேண்டும். நான் வெஸ்ட்மீட்டில் ஓர் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். பகல் முழுவதும் குழாய்களில் மற்றவர்களின் இரத்தத்தோடு இருப்பவள். கருவி சொல்லாத எதையும் நம்பமாட்டேன் என்று அங்கே எனக்கு ஒரு பெயர் உண்டு. வீட்டுப் படி ஏறியதும் அந்தப் பெண் வெளியே நின்றுவிடுவாள்.

"உங்களுக்குச் சரியான சூடு," என்றேன். "சனிக்கிழமை எண்ணெய் வைச்சு முழுகுங்கோ."

முழுகினார். மோர் குடித்தார். ஊறவைத்த வெந்தயத்தைத் தண்ணீரோடு விழுங்கினார். ஹரிஸ் பார்க்கில் இளநீர் வாங்கினோம். கோழியை நிறுத்தினோம். வாய் காய்ந்தபடியே இருந்தது. கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார்.

"மாம்பழம் சூடெல்லோ? அதுதான் வாய் காயுது," என்று புதிய ஒன்றைத் தூக்கிக் காட்டினார். நீல நிறம். "இது ஐஸ். குளிர்ச்சி. நல்லா இழுத்தா நெஞ்சுவரைக்கும் குளிருது."

நான் தலையாட்டினேன். எங்களுக்கு அது எவ்வளவு நியாயமாகப் பட்டது என்பதை இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. மாம்பழம் சூடு, பனிக்கட்டி குளிர்ச்சி. யாழ்ப்பாணத்தில் பிறந்த எந்த மனிதர் இதை மறுப்பார்? மேகம் இப்போது பழ மணமில்லாமல் வந்தது. குளிர்ந்த, மருந்துக் கடைக் காற்று. மாம்பழம் போனதில் எனக்குக் கொஞ்சம் கவலைகூட இருந்தது.

கந்தசஷ்டி விரதம் வந்தது. மகளுக்குக் கடைசிப் பரீட்சை. சஷ்டி தொடங்கி கார்த்திகை விளக்கீடு வரைக்கும் வேப்பைத் தொடுவதில்லை என்று அவர் நேர்ந்துகொண்டார். முருகன் பெயர் சொல்லும் வாய் சுத்தமாக இருக்கவேண்டும் என்றார். நேர்த்தி என்றால் அவர் தவறமாட்டார். நீலப் பொருள் காலுறைகளுக்கு அடியில் போனது. முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு திரிந்தார், ஆனாலும் தொடவில்லை.

கொஞ்ச நாள் போக, பல் துலக்கும் தொட்டி இளஞ்சிவப்பாயிற்று. முதலில் சிறு கீற்று, பிறகு துப்பும்போதெல்லாம். அப்பிளைக் கடித்தால் அப்பிளில் கறை. பற்களைப் பிடித்திருக்கும் முரசுச் சதை வீங்கி, பல்லின் அடிகளைச் சுற்றிச் சிவந்திருந்தது. ஒரு சனிக்கிழமை ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குக் காரில் போனோம். வழியெல்லாம் ஜகரண்டா பூத்து, தார் வீதி ஊதா நிறமாகக் கிடந்தது. காட்டுக்குள் இறங்கும் வளைவுகளில் மூடுபனி. அவர் கைக்குட்டையை வாயில் ஒற்றி ஒற்றிப் பார்த்துக்கொண்டு வந்தார். நான் காரை ஓட்டிக்கொண்டிருந்தேன். வெள்ளைக் கைக்குட்டையில் சிறுசிறு சிவப்புப் பொட்டுகள் கண்ணின் ஓரத்தில் தெரிந்தன. எனக்கு உள்ளூரப் பயமாக இருந்தது.

"விரதச் சூடு," என்றேன், எனக்கே தைரியம் சொல்வதுபோல. "பட்டினி கிடந்தா இப்பிடித்தான்."

விளக்கீடு முடிந்த அடுத்த நாளே அவர் காலுறைகளைக் கிளறினார். நீலம் வெளியே வந்தது. ஒரு கிழமைக்குள் இரத்தம் குறைந்தது. பிறகு அறவே நின்றது. முரசின் சிவப்பும் போய், வெளிர் நிறமாக, ஒழுங்காக இருந்தது.

"பாத்தீரே?" என்று கண்ணாடிக்கு முன்னால் பல்லைக் காட்டினார். "இதை விட்டாப்போலதான் ரத்தம் வந்தது. எடுத்தவுடனை நிண்டிட்டுது. இது மருந்தப்பா."

கண்ணால் கண்டதை நான் எப்படி மறுப்பது? விட்டால் வருகிறது, எடுத்தால் நிற்கிறது. என் கூடத்தில் ஒரு மாணவர் இப்படியொரு முடிவை எழுதிக்கொண்டு வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். வீட்டில் நான் முருகனுக்கு நன்றி சொல்லிக் கற்பூரம் கொளுத்தினேன்.

அடுத்த குளிர்காலத்தில் ஒரு மாலை, குசினியில் நின்றபோது எங்கேயோ காற்றுக் கசியும் சத்தம் கேட்டது. எரிவாயு என்று நினைத்து அடுப்புக் குமிழ்களை ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்தேன். எல்லாம் பூட்டித்தான் இருந்தன. சத்தம் கிட்ட வந்தது. படியில் நின்றது. அவர் உள்ளே வந்தார்.

அது அவருடைய விசில். மெட்டு இருந்தது, ஆனால் அதற்குள் ஒரு 'ஸ்' புகுந்திருந்தது. அவரை விளக்கு வெளிச்சத்துக்கு இழுத்து வாயைத் திறக்கச் சொன்னேன். முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே ஒரு நீக்கல். முன்பு அது இல்லை. ஒரு பல் மற்றதைவிட நீளமாகி, கொஞ்சம் முன்னால் வந்திருந்தது.

"நீக்கல் விழுந்தா அதிர்ஷ்டமாம்," என்று சிரித்தார். சிரிக்கும்போது உதட்டால் அதை மூடிக்கொண்டார். அதை நான் கவனித்தேன்.

அந்தக் கிழமை எனக்கு ஒரு கனவு வந்தது. ஜகரண்டா மரத்தடியில் அவர் நிற்கிறார். மரத்திலிருந்து பூவுக்குப் பதிலாகப் பற்கள் விழுகின்றன. சத்தமே இல்லை. அவர் அவற்றைத் தோளிலிருந்து தட்டிவிட்டு விசிலடிக்கிறார், காற்றுத்தான் வருகிறது. எல்லாம் ஊதா வெளிச்சத்தில் அழகாக இருந்தது, அதுதான் எனக்கு அதிகம் பயத்தைத் தந்தது. பல் விழுவதாகக் கனவு கண்டால் சொந்தத்தில் யாருக்கோ ஆகாது என்பார்கள். விடிந்ததும் யாழ்ப்பாணம், கொழும்பு, ரொறன்ரோ என்று எல்லாருக்கும் போன் எடுத்துச் சுகம் விசாரித்தேன். எல்லாரும் சுகமாக இருந்தார்கள். ஒரு மாமி மட்டும், நான் இவ்வளவு பாசமாகப் பேசியதில் சந்தேகப்பட்டு, "உனக்கு ஏதும் வருத்தமோ பிள்ளை?" என்று கேட்டார். கனவு பல்லைப் பற்றியே இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

மகள்தான் எரிச்சலோடு பல் வைத்தியரிடம் நேரம் எடுத்துக் கொடுத்தாள். வைத்தியர் மலேசியாவில் பிறந்த தமிழ்ப் பெண். படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். என் கணவரைக் கதிரையில் சாய்த்துவிட்டு, மெல்லிய கம்பி ஒன்றால் ஒவ்வொரு பல்லின் ஓரத்தையும் தொட்டுத் தொட்டு அளந்தார். கம்பி பல்லுக்கும் முரசுக்கும் இடையே உள்ளே போய்க்கொண்டே இருந்தது. நான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அங்கிள், வேப் பண்றீங்களா?"

"ஓம். ஆனா முரசிலை ரத்தம் ஒரு சொட்டும் இல்லை," என்றார் இவர் பெருமையாக. நீலத்தின் கதையையும் நேர்த்தியின் கதையையும் சொன்னார். வைத்தியர் கம்பியை வைத்துவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரத்தம் வரலைன்னா ஈறு நல்லா இருக்குன்னு நினைச்சுட்டீங்க," என்றார். "அதுல இருக்கற நிக்கோடின் ஈறுக்குப் போற சின்னச் சின்ன ரத்தக் குழாயெல்லாம் சுருக்கிடும். உள்ள நோய் இருக்கும், வெளிய ரத்தமே காட்டாது. நீங்க விட்ட அந்த நேரம் ரத்த ஓட்டம் திரும்புச்சு. அப்பதான் ஈறு உண்மையச் சொல்லுச்சு. நீங்க திரும்பவும் வாயப் பொத்திட்டீங்க."

எக்ஸ்ரேயைத் திரையில் காட்டினார். முன்பல்லைச் சுற்றி எலும்பு குறைந்து, ஆற்றங்கரை மரத்தின் அடியில் மண் கரைந்ததுபோல இருந்தது. முன்பு குடித்த சிகரெட்டுக்கும் இதில் பங்கு உண்டு என்றார். வாய் காய்ந்ததும் வேப்பால்தான். எச்சில் குறைந்தால் பல்லுக்குக் காவல் இல்லை, அழுக்கு இன்னும் நன்றாக ஒட்டிக்கொள்ளும்.

"அது ஐஸ்," என்று இவர் ஈனக் குரலில் சொன்னார். "குளிர்ச்சி எண்டுதான்..."

"பேருதான் ஐஸ். உள்ள ஒரு கம்பி சூடாகி அதுல இருக்கற திரவத்த ஆவியாக்குது. உங்க வாய்க்குக் குளிர்ற மாதிரி இருக்கும், அவ்வளவுதான்."

நான் தரையைப் பார்த்தேன். பகல் முழுவதும் இரத்தத்தோடு இருப்பவளுக்கு, இரத்தம் வராததைப் பார்த்துச் சந்தேகப்படத் தெரியவில்லை. எனக்கு என் மேலேயே கோபம் வந்தது.

ஆழமாகச் சுத்தம் செய்து, ஆடும் பல்லை அயல் பற்களோடு பின்பக்கமாக மெல்லிய கம்பியால் கட்டிப் பார்க்கலாம் என்றார். வேப் தொடர்ந்தால் பல் போய்விடும். நிறுத்தினால் நிற்கலாம், உறுதி சொல்லமுடியாது. "நிறுத்தினா திரும்ப ரத்தம் வரும். பயந்துட்டுத் திரும்ப எடுத்துடாதீங்க."

இவர் எலும்பைப் பற்றிக் கேட்கவில்லை. வலியைப் பற்றியும் கேட்கவில்லை. "விசில் அடிக்கலாமோ?" என்று மட்டும் கேட்டார்.

வைத்தியர் சிரித்துவிட்டார். பிறகு இவரது முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். "முதல்ல பல் நிக்குதான்னு பாப்போம் அங்கிள்."

நேர்த்திக்கு விடுவது வேறு, ஒரேயடியாக விடுவது வேறு. நேர்த்திக்கு ஒரு முடிவு நாள் இருந்தது. குடும்ப வைத்தியரிடம் போய்த் தோளில் ஒட்டும் நிக்கோடின் துண்டுகளை எழுதி வாங்கி, அவற்றையும் மெல்ல மெல்லக் குறைத்தார். சம்பலில் உப்புக் கூட என்று கத்தினார். உப்புக் குறைய என்றும் கத்தினார். ஒருநாள் பின்வளவில் வெறும் கையோடு நின்று, காலைக் குளிரில் வாயிலிருந்து வரும் மூச்சுப் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்தது. யன்னலைச் சாத்திவிட்டுத் தேநீர் ஊற்றினேன்.

இரத்தம் வந்தது. வைத்தியர் சொன்னபடியே வந்தது. இவர் தொட்டியைப் பார்த்துவிட்டு, "இஞ்சை வாரும், பாரும்!" என்று பதறினார். நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். போன முறை கைக்குட்டையில் கண்டு நடுங்கிய அதே சிவப்பு.

"வரட்டும்," என்றேன். "நல்லா வரட்டும். நீங்கள் விடாமல் துலக்குங்கோ."

சுத்தம் செய்யும் நாட்களில் வாய் மரத்து, பாதி உதட்டால் கஞ்சி குடித்தார். பல்லைக் கட்டினார்கள். விசில் மட்டும் இல்லை. மாலையில் அவர் சத்தமில்லாமல் வந்து குசினி வாசலில் நிற்பார். நான் திடுக்கிட்டுக் கரண்டியை நழுவவிடுவேன். வேறு யாரோ வீட்டுக்குள் வந்துவிட்டதுபோல இருக்கும். இத்தனை வருடமும் நான் ஒரு மனிதரை அல்ல, ஒரு சத்தத்தைத்தான் எதிர்பார்த்துக் கதவுப் பக்கம் காதை வைத்திருந்தேனோ என்று யோசித்தேன். வீட்டில் மாம்பழமும் இல்லை, மருந்துக் கடைக் காற்றும் இல்லை. உப்புத் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு வரும் அவருடைய வாய்க்கு ஒரு மணமும் இல்லை. அதற்குப் பழக எனக்குக் கொஞ்ச நாள் எடுத்தது.

மறுபடி ஜகரண்டா பூத்திருந்த நாளில் வைத்தியர் கம்பியால் திரும்ப அளந்தார். இரத்தம் வரவில்லை. நாங்கள் இருவரும் பயந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவர் எங்கள் முகத்தைக் கண்டு, "இல்ல இல்ல, இது வேற. இந்தத் தடவ நிஜமாவே ஆறிடுச்சு," என்றார். கம்பி முன்புபோல ஆழமாகப் போகவில்லை. போன எலும்பு போனதுதான். நீக்கலும் அப்படியே இருக்கும். பல் நீளமாகத்தான் தெரியும். ஆனால் நிற்கிறது, கவனமாக இருந்தால் இனியும் நிற்கும்.

அதற்குப் பிறகு ஒரு மாலை. நான் விளக்கு ஏற்றிவிட்டுப் பருப்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். காரை நிறுத்தும் இடத்திலிருந்து காற்றுச் சத்தம் ஒன்று வந்தது. இந்த முறை நான் அடுப்புக் குமிழைத் திருகவில்லை. சத்தம் அறுந்தது, மறுபடி பிடித்தது. பாதி காற்று, பாதி விசில். மெட்டு அதேதான். கிழிந்த குரலில் யாரோ என் பெயரைக் கூப்பிடுவதுபோல இருந்தது. நான் அடுப்பை அணைத்துவிட்டு, ஈரக் கையோடு போய்க் கதவைத் திறந்தேன்.

அவர் படியில் கால் வைத்தார். வழக்கம்போல விசில் நின்றது.

"உள்ளுக்கு வந்து மிச்சத்தையும் அடியுங்கோ," என்றேன்.

"விளக்குக் கொளுத்தியாச்செல்லோ?"

"பாம்பு வந்தா நான் பாத்துக்கொள்ளுறன். வாங்கோ."

அவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். விளக்குக்கு முன்னால் நின்று உதட்டை நனைத்தார். நாக்கை மடித்தார். ஒன்றும் வரவில்லை. பல் வலிக்கிறதோ என்று நான் பயந்துபோனேன்.

"மிச்சம் எனக்குத் தெரியாதப்பா," என்றார் மெல்ல. "இவ்வளவு வருஷமும் படியோடை நிப்பாட்டி நிப்பாட்டி, எனக்கே மறந்துபோச்சு."

 அந்த மிச்சத்தைத் தடுத்து வைத்திருந்தது நான்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"அப்ப முதல்லையிருந்து அடியுங்கோ," என்றேன்.

அவர் தொடங்கினார். காற்றும் விசிலுமாக மெட்டு கூடத்தில் ஏறியது. மகள் தன் அறைக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். எப்போதும் நிற்கும் இடம் வந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் நிறுத்தவில்லை.